வேடரும் வேடமும்

மாந்தர் உழவு கற்பதற்கு நெடுங்காலத்திற்கு முன்னரே வேட்டை கற்றனர். நம் முன்னோரும் நிலத்தை ஐந்திணையாக வகுத்தபோது, வேட்டையைக் குறிஞ்சி நிலத்தார்க்குரிய தொழில்களுள் ஒன்றாக வைத்தனர். இக்காலத்திலோ, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் நம் நாட்டில் வேட்டை விலக்கப்பட்டுள்ளது. எனினும் வேட்டையின்மேல் மக்கட்குள்ள விருப்பம் ஒழிந்தபாடில்லை. காட்டை விட்டகன்ற வேட்டை, இன்று வீட்டுக் கூடத்திலே தொலைக்காட்சிப் பெட்டியினுள் நாள்தோறும் நிகழ்கின்றது. நாகத்தின் வாலைப் பற்றித் தூக்குவோரும், முதலையின் முதுகில் பாய்வோரும், மானையும் கரடியையும் எய்து வீழ்த்துவோரும், ஆளில்லாக் கானகத்தில் அகப்பட்டதை உண்டு உயிர்பிழைப்போரும் ஆகிய இவர்கள், உலகம் முழுதும் புகழ் படைத்தவர்களாய் விளங்குகின்றனர்.

இவர்கள் மெய்யான வேடர்தாமா? அன்றி, வேடர்போல் வேடம் புனைந்த கூத்தர்தாமா? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இது பொழுதுபோக்கிற்காக எழுப்பிய வினா அன்று என்பதை எமக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்றை முதற்கண் கூறுவோம்.

யாம் வாழும் நெய்வேலி, 1956-ஆம் ஆண்டில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிய பின்னர் எழுந்த நகரியம். வட்டம் வட்டமாக வகுக்கப்பட்டு, குடியிருப்புதோறும் மரநிழலும் தோட்டமும் உடையது. நகரியத்தைக் கடந்தால் முந்திரித் தோப்பும் பலாமரங்களும் நெல்வயல்களும் உள்ளன. நிழலும் ஈரமும் எலியும் உள்ள இடத்தில் பாம்பும் இருத்தல் இயல்பே. சென்ற கார்காலத்தில் ஒருநாள் அந்திப்பொழுதில் எம் அண்டை வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் அருகே பாம்பொன்று காணப்பட்டது. கரிய உடல், அதன்மேல் வெண்ணிற வளையங்கள். அவ்வீட்டு இளைஞர் கல்லூரியிற் பயில்பவர். பாம்பு பிடிக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுள் ஒன்றையும் தவறவிடாதவர். அவர் அதனைக் கண்டதும், "இது வெள்ளிக்கோல் வரையன், நஞ்சில்லாதது" என்று கூறி, தம் கைப்பேசியைத் தோழரிடம் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்லிவிட்டு, வாலைப் பற்றக் குனிந்தார்.

அவ்வேளையில் அத்தோட்டத்தில் புல் அறுத்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், "தம்பி, கையை எடு! அது விரியன்!" என்று கூவினார். இளைஞர் திடுக்கிட்டுப் பின்வாங்கினார். முதியவர் இருளர் மரபினர். அவர் பாம்பைத் தொடவுமில்லை, அடிக்கவுமில்லை. எல்லாரையும் விலகி நிற்கச் செய்து, தீயணைப்பு நிலையத்தாருக்குச் சொல்லியனுப்புமாறு கூறிவிட்டு, அப்பாம்பின்மேல் வைத்த கண் வாங்காமல் அங்கேயே குந்தியிருந்தார். வந்தவர்கள் அதனைக் கட்டுவிரியன் என்றே உறுதிசெய்து கொண்டுசென்றனர். கட்டுவிரியனுக்கு வெண்வளையங்கள் கழுத்தருகே மங்கியோ இல்லாமலோ இருந்து, வாற்புறம் நோக்கித் தெளிவாகும். வெள்ளிக்கோல் வரையனுக்கோ தலைப்புறம் தெளிவாயிருந்து வாற்புறம் மங்கும். இவ்வேறுபாட்டை அவ்விளைஞரும் அறியாதவரல்லர், எங்கோ கேட்டிருந்தார். ஆயினும் அந்தி மங்கலில், நகர்ந்து செல்லும் பாம்பில், கண நேரத்தில் அதனைக் காணும் கண் அவருக்கு இல்லை. பெயர்கள் தொலைக்காட்சியிலிருந்து வந்தன; கண் வரவில்லை.

அம்முதியவரிடத்து எமக்கு மதிப்புண்டாயிற்று. நகரியத்தின் புறத்தேயுள்ள நெல்வயல்களில் எலி பிடிப்பதற்கு அவர் அழைக்கப்பட்டபோது, அவரது இசைவு பெற்று யாமும் உடன் சென்றோம். கையில் ஒரு கடப்பாரை. தோளில் ஒரு கோணிப்பை. இவையே அவர் கருவிகள். காலை முழுதும் அவர் செய்ததெல்லாம் நடப்பதும், நிற்பதும், தரையைப் பார்ப்பதுமே. ஒரு வளையின் வாயிலில் சிலந்தி வலை படர்ந்திருந்தது. அதனைப் பாராமலே கடந்தார். வேறொன்றில் மண் புதிதாயும் வாயோரம் வழவழப்பாயும் இருந்தது. அங்கே நின்று, வரப்பின் மறுபுறத்தில் அதன் மற்றை வாயிலைத் தேடி அடைத்த பின்னரே கடப்பாரையை ஊன்றினார். நான்கு மணி நேரத்தில் அகப்பட்டவை எலிகள் இரண்டே. வளைக்குள் எலிகள் சேர்த்து வைத்திருந்த நெற்கதிர்களைத் தனியே எடுத்து மூட்டைகட்டிக்கொண்டார். திரும்புங்கால், தொலைக்காட்சியில் பாம்பு பிடிப்போரைப் பார்த்ததுண்டோ என வினவினோம். "பார்த்திருக்கிறேன், ஐயா. கெட்டிக்காரர்தான். ஆனால் அவருக்குப் போன போதெல்லாம் கிடைக்கிறதே! எனக்கு அப்படிக் கிடைப்பதில்லை" என்றார்.

அம்முதியவர் கூறிய இவ்வொரு வார்த்தையே எம் வினாவுக்குத் திறவுகோலாயிற்று.

வேட்டை என்பது இரு கூறுடையது. முன்னது தேடிக் காணுதல். பின்னது பற்றுதல் அல்லது கொல்லுதல். முன்னது நாட்கணக்கில் நடப்பது. பின்னதோ கண நேரத்தில் முடிவது. முன்னதில் காண்பதற்கு ஒன்றுமில்லை; பின்னதில் அச்சமும் வியப்பும் நிறைந்துள்ளன. படக்கருவி வேண்டுவது பின்னதையே. பத்து நாள் எடுத்த படம் ஒரு மணி நேரத்திற்கும் குறைவாக வெட்டிச் சுருக்கப்படுங்கால், வெறுங்கையோடு திரும்பிய நாட்களெல்லாம் தரையில் விழுந்துவிடுகின்றன. எஞ்சுவது போன போதெல்லாம் கிடைக்கும் வேட்டை. ஆகவே திரையில் யாம் காண்பது வேட்டையன்று. வேட்டையின் கடைசிக் கணம் மட்டுமே.

இன்னுமொன்று கருதற்பாலது. 'தமியராய்க் காடு புகுந்தார்' என்று சொல்லப்படும் வீரர் நம்மை நோக்கி நடந்து வருகின்றார். அவருக்கு முன்னே சென்று அவர் முகத்தைப் படம் பிடித்தவர் யார்? 'யாரும் நுழையாத குகை' என்று அவர் தலையை நீட்டுங்கால், குகையினுள்ளிருந்து அத்தலையைக் காட்டுவது யாது? படம் பிடிப்போர், ஒலி பதிவோர், காவலர், வழிகாட்டிகள் எனப் பலர் அவரைச் சூழ்ந்துள்ளனர். அவருள் விலங்கு இருக்குமிடத்தை அறிந்தவர் பெரும்பாலும் அந்நிலத்தில் வாழ்வோரே. அவர் பெயரோ, காட்டப்படுமாயின், கடைசியில் ஓடி மறையும் எழுத்துக்களுள் ஒன்றாகும்.

இதனால் திரையில் தோன்றுவோர் அனைவரும் பொய்யர் என்று கூறுதல் முறையன்று. சிலரை எடுத்து நடுநிலையோடு நோக்குவோம்.

'முதலை வேடர்' எனப் பெயர் பெற்ற ஆஸ்திரேலியர் ஸ்டீவ் இர்வின், ஊர்வன வளர்க்கும் பூங்கா நடத்திய பெற்றோருக்குப் பிறந்தவர். படக்கருவி தம்மை நாடி வருமுன்னரே, மக்கள் வாழிடங்களை நெருங்கிய முதலைகளைக் குயின்ஸ்லாந்து அரசுக்காகப் பிடித்து அகற்றும் பணியில் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர். திரையில் அவர் காட்டிய கூச்சலும் குதூகலமும் கூத்தெனினும், கைத்திறன் கூத்தன்று. அத்தகையாரும் 2006-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள், கடலடிப் படம் ஒன்றிற்காகச் சென்ற இடத்தில் திருக்கை மீனின் முள் தாக்கி இறந்தார்.

அடுத்தவர் ஆங்கிலேயர் பேர் கிரில்ஸ். 2019-ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பிரதமரோடு ஜிம் கார்பெட் தேசியப் பூங்காவிலும், 2020-ஆம் ஆண்டில் நடிகர் ரஜினிகாந்தோடு பந்திப்பூர்க் காட்டிலும் தோன்றி நம் வீடுகளில் அறிமுகமானவர். இவர் பட்டாளத்திற் பயின்றவர். 1998-ஆம் ஆண்டில் எவரெஸ்ட் சிகரம் ஏறியவர். உடல்வலியும் உள்ள உறுதியும் இவர்பால் உண்டென்பதில் ஐயமில்லை. எனினும் காட்டில் தனித்துத் துன்புறுவதாகக் காட்டப்பட்ட சில இரவுகளை இவர் விடுதியிற் கழித்தார் என்னும் செய்தி 2007-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன்பின், சில இடர்கள் காட்சிக்காக அமைக்கப்பட்டவை என்று நிகழ்ச்சியின்கண்ணேயே அறிவிக்கலாயினர். இவரை வேடரெனல் பொருந்தாது. இடர் கடக்கும் வழி காட்டும் ஆசிரியர் எனலாம்.

மூன்றாமவர் அமெரிக்க இசைவாணரும் வேட்டை நிகழ்ச்சி நடத்துபவருமான டெட் நியூஜென்ட். இவர் தம் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக அலாஸ்காவில் 2009-ஆம் ஆண்டில் கரடி வேட்டையாடினார். முதலில் எய்த அம்பு ஒரு கரடியைக் காயப்படுத்தியது; அது தப்பிற்று. சில நாட்களுக்குப் பின் வேறொரு கரடியைக் கொன்றார். அந்நிலத்து விதிப்படி, காயப்பட்ட கரடியும் ஒருவருக்குரிய கணக்கில் சேரும். 2012-ஆம் ஆண்டில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்ட இவர், அவ்விதியைத் தாம் அறியவில்லை என்றார். அம்பெய்யும் பழக்கம் இவருக்கில்லை என்று யாம் கூறவில்லை. ஆயினும் காயப்பட்ட விலங்கு வேடன் தலைமேல் ஏறிய கடன் என்பது தொழிலின் முதற் பாடம்.

நம் அண்டை நாடாகிய கேரளத்தில் வாவா சுரேஷ் என்பார் பல்லாயிரம் பாம்புகளை வீடுகளினின்று அகற்றியவர். தொலைக்காட்சியாற் பெரும்புகழ் எய்தியவர். இவரது அனுபவம் மெய்யானது. எனினும் வெறுங்கையாற் பிடித்து மக்கட்கு முன் உயர்த்திக் காட்டும் முறையை வல்லுநர் பலர் கண்டித்துவந்தனர். 2020-ஆம் ஆண்டில் கேரள வனத்துறை, பாம்பு மீட்போர்க்குப் பயிற்சியும் உரிமமும் வகுத்து, கொக்கி, குழாய், பை ஆகியவற்றாற் பிடிக்கும் முறையைக் கற்பிக்கலாயிற்று. 2022-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் கோட்டயத்தருகே நாகம் ஒன்றைச் சாக்கினுள் இடுங்கால் கடியுண்ட சுரேஷ், மருத்துவரின் பெருமுயற்சியால் உயிர் பிழைத்தார். அனுபவம் மிக்கவருக்கே இக்கதியாயின், அவரைத் திரையிற் கண்டு பழகியவரின் கதி யாதாகும்?

நிற்க. மெய் வேட்டையும் காட்சி வேட்டையும் எதிரெதிர் வைத்து அளக்கப்பட்டதுண்டோ என வினவலாம். ஏறக்குறைய அவ்வாறே நிகழ்ந்ததுண்டு. அதில் வென்றவர் நம் தமிழ்நாட்டார் என்பது நாம் மகிழ்தற்குரியது.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் எவர்கிளேட்ஸ் என்னும் பெருஞ் சதுப்புநிலம் உள்ளது. வளர்ப்பவர் கைவிட்டமையாலும் தப்பியமையாலும் பர்மிய மலைப்பாம்புகள் அங்கே பரவிப் பெருகின. முயல் முதலிய பாலூட்டிகள் அருகின. அவற்றை ஒழிக்கும்பொருட்டு அம்மாநில வனவிலங்கு ஆணையம் மக்களை அழைத்துப் போட்டி வேட்டை நடத்திற்று. 2016-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு மாதம் நடந்த போட்டியில் ஆயிரவர்க்கு மேற்பட்டோர் கலந்துகொண்டனர். படக்கருவிகளும் பரிசுகளும் குறைவின்றி இருந்தன. பிடிபட்ட பாம்புகளோ 106. பதின்மர்க்கு ஒரு பாம்பு என்னும் கணக்கு.

மறு ஆண்டு ஜனவரியில், அவ்வாணையமும் புளோரிடா சர்வகலாசாலையும் செங்கற்பட்டுப் பகுதி இருளர் இருவரை வரவழைத்தன. அவர் வடிவேல் கோபால், மாசி சடையன் என்போர்; இருவரும் ஐம்பது வயதைக் கடந்தவர். ஆங்கிலம் அறியாத அவர்க்குத் துபாஷிகள் உடன் சென்றனர். பர்மிய மலைப்பாம்பு அவர் பழகிய பாம்பன்று. அச்சதுப்பும் அவர் பழகிய நிலமன்று. அந்நாட்டார் வண்டியேறிச் சாலையோரத்தையும் கரைமேட்டையும் துழாவுவது வழக்கம். இவ்விருவரோ நேரே அடர்புதரினுள் புகுந்து, தடமும் எச்சமும் உரித்த சட்டையும் தேடி மெல்ல நடந்தனர். இரண்டு வாரத்திற்குள் 13 மலைப்பாம்புகள் அகப்பட்டன. அவற்றுள் ஒன்று, கீ லார்கோ தீவில் பழைய ஏவுகணைத் தளமொன்றின் சுரங்கத்துள் பதுங்கியிருந்த பதினாறடிப் பெண்பாம்பு. போட்டிக்கு வந்த ஆயிரவருட் பலர் பழக்கமில்லாதவர் என்பது உண்மையே. எனவே இவ்விரு கணக்கையும் ஒரே துலையில் நிறுத்தல் முற்றும் பொருந்தாது. எனினும் உணரவேண்டுவது ஒன்றுண்டு. மலைப்பாம்பைக் கண்டபின் பிடிக்க வலியுடையார் ஆங்கே பலர் இருந்தனர், காணவல்லார் அரியர். கடல் கடந்து அழைக்கப்பட்டது கைவலியன்று, கண்.

அக்கண் எங்ஙனம் உண்டாயிற்று? ஒரு காலத்தில் இருளர் தோலுக்காகப் பாம்பு பிடித்தனர். அகப்படாவிடின் அன்று அடுப்பெரியாது. தாய்தந்தையரைப் பின்பற்றிச் சென்ற சிறுவர், நடக்கக் கற்கும்போதே தடம் காணக் கற்றனர். 1972-ஆம் ஆண்டின் சட்டமும், 1976-இல் பாம்புத் தோல் ஏற்றுமதிக்கு விதிக்கப்பட்ட தடையும் அப்பிழைப்பை நிறுத்தின. அந்நிலையில் இருளரோடு பழகி அவரிடமே கற்ற ராமுலஸ் விட்டேக்கர் முதலியோரின் முயற்சியால், 1978-ஆம் ஆண்டில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் அது இயங்குகின்றது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கினையும் வனத்துறை வகுத்த எண்ணிக்கைக்குள் பிடித்து, மண்பானைகளில் வைத்து, சில வாரம் நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு மீண்டும் காட்டில் விடுகின்றனர். நச்சுமுறி மருந்து செய்வோர்க்கு அந்நஞ்சே மூலப்பொருள். கொல்லாத வேட்டை இது. உயிர் காக்கும் வேட்டையுமாம். திரையில் பாம்பு பிடிப்பவர் ஒருவர் கடியுண்டு பிழைப்பாராயின், அவர் நரம்பில் ஏறும் மருந்தின் பின்னே பெயரறியா இருளர் ஒருவரின் உழைப்பு இருத்தல் கூடும். வடிவேலுக்கும் மாசிக்கும் 2023-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஆயினும் தொலைக்காட்சி வீரரின் பெயரைச் சொல்லும் எம் நகரியத்துச் சிறுவருள், இவ்விருவர் பெயரைச் சொல்வார் எத்துணையர்?

காட்சியின்றிப் புகழ் பெற்ற வேடர் ஒருவரையும் இங்கு நினைத்தல் தகும். ஜிம் கார்பெட், நூற்றிருபத்தைவரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட ருத்திரப்பிரயாகைச் சிறுத்தையை 1926-ஆம் ஆண்டில் வீழ்த்தினார். அதனைப் பற்றி அவரெழுதிய நூலில் வெற்றி கூறும் பக்கங்கள் சிலவே. மழையிலும் குளிரிலும் விழித்திருந்து வீணே கழிந்த இரவுகளும், தம் பிழைகளுமே மிகுதி. தோல்வியை மறையாது எழுதியமையால் அவரது வெற்றியை நாம் நம்புகின்றோம்.

இவற்றால் பெறப்படும் அளவுகோல் மூன்று. முதலாவது, விலங்கை அவர் தாமே கண்டனரா, பிறர் கண்டு காட்டினரா? இரண்டாவது, வெறுங்கையோடு திரும்பிய நாட்களை நமக்குக் காட்டுகின்றனரா? மூன்றாவது, படக்கருவியும் பார்ப்பவரும் இல்லாவிடத்தும் அதே முறையில் அத்தொழிலைச் செய்வரா? இம்மூன்றினும் தேறுவார் திரையிற் சிலர் உண்டு, அவரைப் போற்றுவோம். முதலொன்றிலேயே தவறுவார் பலர். அவரது துணிவைக் கண்டு களிக்கலாம், ஆனால் வேடரெனக் கொள்ளற்க.

இவ்வளவும் எதற்கெனின், 2000 முதல் 2019 வரை நம் நாட்டில் ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர். இறப்போருள் மிகப் பலர் வயலிலும் வீட்டிலும் தம் வேலையைச் செய்துகொண்டிருந்த ஏழை மக்கள். அவர்க்கு வேறு வழியில்லை. கைப்பேசிப் படத்திற்காகத் தானே கை நீட்டுபவனுக்கோ வழி இருந்தது. ஆதலின், மாணவ நண்பர்களே, பாம்பைக் கண்டால் விலகி நின்று, அதன் போக்கை மட்டும் நோக்கிக்கொண்டு, தீயணைப்பு நிலையத்தாரையோ வனத்துறையினரையோ அழையுங்கள். கடியுண்டாராயின் காலந்தாழ்த்தாது மருத்துவமனை சேர்ப்பியுங்கள்.

எம் அண்டை வீட்டு இளைஞர் இப்பொழுதும் அந்நிகழ்ச்சிகளைப் பார்க்கின்றார். அண்மையில் ஒருநாள் அவரோடிருந்து யாமும் பார்த்தோம். திரையில் வீரர் ஒரு கல்லைப் புரட்டினார், கீழே பாம்பிருந்தது. இளைஞர் எம்மை நோக்கி, "இதற்குமுன் எத்தனை கல் புரட்டினாரோ?" என்றார். அம்முதியவர் அன்று தோட்டத்திலிருந்து கூவியது அவர் செவியில் இன்னும் ஒலிக்கின்றது போலும்.